கொடுத்தவர் பெயர்

என் மேசை இழுப்பறையில் ஒரு சின்னத் தகடு கிடக்கிறது. முட்டை வடிவம், பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. இரண்டு முனையிலும் ஆணித் துளை. நடுவில் தமிழ் எழுத்தில் ஒரு மனிதரின் பெயர். அது வெள்ளி என்று அவர் நம்பினார். வெள்ளியில்லை, வேறு ஏதோ மலிவான உலோகம். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. நான் அவரிடம் சொல்லாமல் விட்டவற்றில் அது சின்னது. பெரியது வேறு ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்ல வரும்.

எண்பதுகளின் நடுவில் நான் பாரிசில் ஒரு சாவிக் கடையில் வேலை செய்தேன். லா சப்பல் நிலையத்துக்கும் ஸ்டாலின்கிராட் நிலையத்துக்கும் இடையில் மெத்ரோ ரயில் தரைக்கு மேலே இரும்புப் பாலத்தில் ஓடும். அந்தப் பாலத்துக்கு எதிரே, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய அளவு கடை. சாவி வெட்டுவோம், சப்பாத்துக்கு அடி வைப்போம், தபால் பெட்டிக்கும் கதவுக்கும் நாயின் கழுத்து வாருக்கும் பெயர் வெட்டுவோம். ரயில் போகும்போது சுவரில் தொங்கும் சாவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஆடும். முதலாளி ஆர்மேனியக் கிழவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய, அகதி மனுவுக்கான ரெசெப்பிசே கடதாசியோடு போய் நின்ற என்னை அவர் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் என் கை. யாழ்ப்பாணத்தில் பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவனாக நான் ஏழு வருடம் இருந்தேன். ஒரு சின்ன உளி, ஒரு சின்னச் சுத்தியல், புள்ளி புள்ளியாக எழுத்து. ஒரு தேக்கரண்டியைக் கொடுத்து முதலாளி சோதித்தார். வெட்டிக் காட்டினேன். அடுத்த நாள் வரச் சொன்னார்.

எங்கள் ஊரில் கல்யாணத்துக்குக் குடம் கொடுத்தால் குடத்தில் கொடுத்தவர் பெயர்தான் இருக்கும். பெண்ணின் பெயரை யாரும் வெட்டுவதில்லை. அவளுக்குத் தன் பெயர் தெரியும்தானே, யார் கொடுத்தது என்பதுதான் மறந்துபோகும். கோயிலுக்கு டியூப் லைட் வாங்கிக் கொடுக்கிறவர் கூடத் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் அதன்மேல் எழுதுவிப்பார். எழுத்துப் போக மிச்சம் இருக்கிற இடத்தால் வெளிச்சம் வரும். இதில் சிரிக்க ஒன்றுமில்லை, அது எங்கள் வழக்கம். பிரெஞ்சுக்காரருக்கு இது நேர் எதிர். அவர்கள் பரிசைப் பெறுகிறவர் பெயரை வெட்டுவார்கள். கொடுத்தவர் பெயரைப் போட்டால், பொருள் இன்னும் கொடுத்தவருடையது என்று அர்த்தம். இது தெரியாமல் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு குழந்தையின் ஞானஸ்நானக் கிண்ணத்தில் அதன் பெரியம்மாவின் பெயரை வெட்டிவிட்டேன். அந்த மனுசி கடையில் நின்று கத்தினாள். முதலாளி கத்தவில்லை. அன்றைக்கு ஒரு விதி மட்டும் சொன்னார்: எதையும் வெட்டுவதற்கு முன்னால் 'யாருக்கு' என்று கேள். அதற்குப் பிறகு நான் கேட்காமல் எதையும் வெட்டியதில்லை. ஒருமுறை தவிர.

அவர் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். லா சப்பலில் எங்கள் பொடியளும் அவரை அப்படித்தான் சொன்னார்கள். எழுபது வயதிருக்கும். கோட்டுப் போட்டு, கழுத்துப் பட்டி கட்டி, முதுகை வளைக்காமல் நடப்பார். ஸ்டாலின்கிராட்டில் கால்வாய்ப் பக்கம் தனியாக இருந்தார். மனைவி செத்து நாலு வருடம். எங்கள் ஆட்கள் அப்போதுதான் அந்தத் தெருவில் இரண்டு மூன்று கடை திறந்திருந்தார்கள். இவர் அங்கே வந்து கறிவேப்பிலையோ முருங்கைக்காயோ கொஞ்சம் வாங்கிக்கொண்டு, யாராவது தமிழில் இரண்டு சொல் பேசுவார்களா என்று நின்று பார்ப்பார். நாங்கள் பேசமாட்டோம். ஒரு அறையில் எட்டுப் பேர் முறை வைத்துப் படுத்து எழும்புகிற ஆட்கள் நாங்கள். அவருக்குப் பிரெஞ்சுப் பிரசாவுரிமை, படை ஓய்வூதியம், வீடு. எங்களுக்கு அவர் தமிழ் பேசுகிற வெள்ளைக்காரர்.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை, கடை திறந்த கையோடு அவர் வந்தார். முதலாளி ஒபர்வில்லியேக்குத் தோல் வாங்கப் போயிருந்தார். நீளமான கான்வஸ் பையை மேசையில் வைத்து, பிரித்துக் கழற்றி வைத்திருந்த ஒரு பாகத்தை வெளியே எடுத்தார். தேக்கைவிடக் கறுத்த மரம், எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி இருந்தது. குழல் பையிலேயே இருந்தது. ஆனாலும் அது என்னவென்று எனக்குத் தெரிந்தது. கை தானாகப் பின்னால் போய்விட்டது.

"பயப்படாத தம்பி. குண்டெல்லாம் இல்ல" என்றார்.

பயமில்லை என்றேன். பயமில்லைதான். அதற்கு இரண்டு மாதம் முன்னால் அம்மாவின் கடிதம் வந்திருந்தது. என் தம்பிக்குப் பத்தொன்பது வயது. வேலிக்குப் பக்கத்தில் சைக்கிளோடு நின்றவனைச் சுட்டுவிட்டார்கள். யார் சுட்டது என்று அம்மா எழுதவில்லை. ஆமியென்றால் எழுதியிருப்பா. எழுதவில்லை என்றால் எங்கள் இயக்க ஆட்கள்தான் என்று விளங்கிக்கொண்டேன். கடிதம் என் கைக்கு வந்தபோது எட்டுச் செலவும் முப்பத்தோராம் நாள் சடங்கும் முடிந்துவிட்டன. அறையில் இருந்த மற்ற ஏழு பேரும் ஒரு நாள் பேசாமல் இருந்தார்கள், அடுத்த நாள் வேலைக்குப் போனார்கள். நானும் போனேன். என்னைத் தம்பி என்று இந்த மனிதர் கூப்பிட்டபோது எனக்கு அவரைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போல இருந்தது.

நான் கேட்காமலே அவர் கதை சொன்னார். அவருடைய தாத்தா புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு அதிகாரியிடம் வேலை செய்தாராம். அதிகாரி ஊருக்குத் திரும்பும்போது இந்தத் துப்பாக்கியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். தாத்தா அதைக் கொண்டு ஊசுட்டேரியில் உள்ளான் குருவி சுடுவாராம். தாத்தாவிடமிருந்து அப்பா, அப்பாவிடமிருந்து இவர். இப்போது இவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பிரெஞ்சுக்காரன், நாட்டுப்புறம், வேட்டைக்காரக் குடும்பம். மகளும் அவர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சுடப் பழகி, அதற்குரிய அனுமதிப் பத்திரமும் எடுத்துவிட்டாளாம். அதனால் இதை அவளுக்கே கொடுக்கப் போகிறார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாவி இயந்திரத்தைத் துடைத்தேன். சுடப் பழகினாளாம். ஞாயிற்றுக்கிழமைகளில். இதில் பெருமை வேறு.

மரத்தின் அடிப்பக்கத்தில் இந்த முட்டை வடிவத் தகடு பதித்திருந்தது. சொந்தக்காரரின் பெயர் எழுதுவதற்கென்றே துவக்குச் செய்கிறவர்கள் வைப்பது. மூன்று தலைமுறையாக அதில் யாரும் ஒன்றும் எழுதவில்லை, வெறுமையாக இருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, "இதுல என் பேர வெட்டிக்குடு தம்பி. தமிழ்ல" என்றார். "தாத்தா பேரு இதுல இல்ல. அதனால எங்க வீட்டுல யாருக்கும் அவரத் தெரியாது. என் பொண்ணுக்கே தெரியாது. யாரு குடுத்ததுன்னு இருக்கணுமில்ல?"

யாருக்கு என்று நான் கேட்கத் தேவையில்லை, அவரே சொல்லிவிட்டார். ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். ஐயா, இஞ்சை வாங்கிறவையின்ரை பேரைத்தான் வெட்டுவினம், உங்கடை மகள் இந்த நாட்டிலை வளர்ந்த பிள்ளை, அவ பிழையா விளங்கிக்கொள்ளுவா. பாலத்தில் ஒரு ரயில் போய் முடிகிற நேரம் கூட ஆகாது. எனக்கு அது நன்றாக ஞாபகம் வந்தது, கிண்ணமும் அந்த மனுசி கத்தினதும் கூட ஞாபகம் வந்தன. நான் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. துவக்கைச் சீதனமாகக் கொடுக்கிறவனுக்கு என்ன வந்தால் எனக்கென்ன என்று நினைத்தேன். நாளைக்கு வாங்கோ என்று மட்டும் சொன்னேன்.

தகட்டைக் கழற்றி எடுத்துவிட்டு மரத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அதைக் கடையில் வைத்திருக்க முடியாது என்றேன். கடையில் இருந்த இயந்திரத்தில் பிரெஞ்சு எழுத்துத்தான் வெட்டலாம், தமிழுக்கு என் உளியைத்தான் எடுக்க வேண்டும். கோபத்தில் கை நடுங்கும் என்பார்கள். எனக்கு நடுங்கவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு நேராக நான் எழுத்து வெட்டியதில்லை. அடுத்த நாள் அவர் வந்தார், நான் தகட்டை மரத்தில் திரும்பப் பொருத்தினேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு விரலால் வாசித்தார். தன் பெயரைத் தமிழில் பார்த்து எவ்வளவு காலம் என்று சொன்னார். படையில், ஓய்வூதியக் கடதாசியில், வீட்டு வாசல் மணியில் எல்லாம் பிரெஞ்சு எழுத்துத்தானாம். வீட்டில் தமிழ் பேச ஆளில்லை, மகளோடு போனிலும் பிரெஞ்சுதான் என்றார். இன்னும் ஏதோ சொல்ல நின்றார். நான் சாவி இயந்திரத்தைப் போட்டேன். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

குளிர்காலம் போய், மரங்களில் துளிர் வந்த பிறகு ஒருநாள் அதே பையோடு அவர் திரும்ப வந்தார். கழுத்துப் பட்டி கட்டவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. உட்காருங்கோ என்று முக்காலியைத் தள்ளினேன். அவர் உட்காரவில்லை.

கல்யாணம் மாப்பிள்ளையின் கிராமத்தில் நடந்ததாம். பெரிய மேசை போட்டு நாற்பது பேர். இவர் பக்கம் இவர் ஒருவர்தான். சாப்பாட்டுக்கு முன்னால் பையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். எல்லோரும் கைதட்டினார்களாம். மாப்பிள்ளையின் தகப்பன் வாங்கிப் பார்த்து, இந்த மாதிரி வேலைப்பாடு இப்போது கிடையாது என்றாராம். மகள் அதை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிடும்போது கூடக் கீழே வைக்காமல், அந்தத் தகட்டையே பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தாளாம். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

"அவ பேருன்னு நெனச்சிக்கிட்டா தம்பி" என்றார். "தமிழ் எழுத்துல அவ பேர நான் எழுதிக்காட்டினதே இல்ல. மூணு மணி நேரம் அவ பேருன்னே தடவிக்கிட்டு இருந்தா. கடைசில பக்கத்துல இருந்த ஒரு அம்மா, இது எப்படி வாசிக்கறதுன்னு கேட்டாங்க. இவ என்னப் பாத்தா. நான் சந்தோசமா, என் பேருன்னு சொன்னேன்."

அவள் விரலை எடுத்துவிட்டாளாம். மாப்பிள்ளையின் தகப்பன் சிரித்து, அப்படியானால் இது உங்களுடையது மிசியே, நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்றாராம். கிண்டல் இல்லை, மரியாதையாகத்தான் சொன்னாராம். போன வாரம் மகள் வந்து பையை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பப்பா, எனக்குக் கொடுத்ததிலும் உங்கள் பெயர்தானா என்று கேட்டாளாம். அதைப் பிரெஞ்சில் அப்படியே சொல்லிக் காட்டினார். நல்ல பிரெஞ்சு. தவறில்லாமல் சொன்னார்.

ரயில் ஒன்று போனது. சாவிகள் ஆடி நிற்கும்வரை இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இது எல்லாம் நம்ம பழக்கம், இவங்களுக்குப் புரியாது. நான்தான் யோசிக்கல. நாப்பது வருசம் இவங்களோட இருந்தவன் நான், எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நீ என்ன பண்ணுவ, சொன்னத வெட்டின. தப்பு என் மேலதான்."

"ஓம்" என்றேன்.

எத்தனையோ பேரிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அகதி அலுவலகத்தில், வாடகை வீட்டுக்காரரிடம், அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில். அவையெல்லாம் எனக்கு உறுத்துவதில்லை. அந்த ஒரு 'ஓம்' மட்டும் இன்னும் உறுத்துகிறது. அவர் தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டார், நான் சரியென்று தலையாட்டினேன்.

வெட்டிய எழுத்தை அழிக்க முடியாது, தகட்டை மாற்றலாம் என்றேன். இந்த முறை, மகளின் பேரை எழுதித் தாங்கோ என்று நானே பென்சிலும் கடதாசியும் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று நின்று, பெரிதாக எழுதினார். எழுதி முடித்து, தகப்பன் பேர் வேண்டாம், அவ பேர் மட்டும் என்றார். கடையில் இருந்ததில் நல்ல வெள்ளித் தகடு ஒன்றை எடுத்து அளவுக்கு அறுத்தேன். முதலாவதில் ஒரு எழுத்து சாய்ந்துவிட்டது. எறிந்தேன். இரண்டாவதில் உளி வழுக்கிக் கீறிவிட்டது. அதையும் எறிந்தேன். மூன்றாவது சரியாக வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. முதலாளி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். சொல்தா ஐயா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை நான் இயந்திரத்தைப் போடவில்லை. ஆனால் வெட்டி முடியும்வரை அவர் பேசவில்லை.

பழைய தகட்டைக் கடதாசியில் சுற்றி அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் பக்கம் தள்ளிவிட்டார்.

"நீ வச்சிக்க. ஒனக்கு யாரு என்ன குடுக்கப் போறா இந்த ஊருல? குடுத்தவன் பேரு ரெடியா இருக்கு, பாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அவர் படியிறங்கிப் போனதும் தகட்டைச் சாவித் தூள் போடுகிற டின்னுக்குள் எறிந்தேன். அடுத்த நாள் டின்னைக் கொட்டப் போனபோது பித்தளைத் தூளுக்குள்ளே அது மினுங்கிக்கொண்டு கிடந்தது. எடுத்துத் துடைத்து, யாரும் வாங்க வராத சாவிகளைத் தொங்கவிடும் ஆணியில் ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

கோடையில் ஒருமுறை வந்தார், கழுத்துப் பட்டியோடு. ஒரு படம் கொண்டுவந்தார். மகள் வயல்வெளியில் நிற்கிறாள், தகட்டுப் பக்கம் படமெடுக்கிறவருக்குத் தெரியும்படி துவக்கைத் திருப்பிப் பிடித்திருக்கிறாள். படத்தில் எழுத்துத் தெரியாது, வெள்ளைப் புள்ளி ஒன்றுதான் தெரிந்தது. அந்தப் புள்ளியை அவர் எனக்கு இரண்டு முறை தொட்டுக் காட்டினார். தன் பெயரை எழுத அவள் கற்றுக்கொண்டாளாம், கடிதத்தின் அடியில் தமிழில் போட்டு அனுப்பினாளாம். பிறகு அவர் கண் அந்த ஆணிக்குப் போனது. தன் பெயர் தொங்குவதைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். எடுத்துக்கொண்டு போங்கோ ஐயா என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த நேரமே, நான் தெரிந்துகொண்டுதான் சொல்லாமல் விட்டேன் என்பதையும் சொல்லியிருக்கலாம். அவர் எனக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை. மற்றதைச் சொல்லத் துணிவில்லை. இரண்டையும் சொல்லாமல், தேத்தண்ணி குடிக்கிறியளோ என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அதுதான் கடைசி.

குளிர் தொடங்கியும் அவரைக் காணாததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்வாய்ப் பக்கம் அவர் கட்டடத்துக்குப் போனேன். காவல்காரப் பெண், அவர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார், மகள் வந்து சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்றாள். விலாசம் வேண்டுமா, எழுதித் தரவா என்று அவளே கேட்டாள். நீங்கள் உறவா என்றும் கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். வாசல் மணியில் அவர் பெயர் இன்னும் பிரெஞ்சு எழுத்தில் இருந்தது. அந்தப் பிளாஸ்டிக் தகடு எங்கள் கடையில் வெட்டியது.

இப்போது லா சப்பலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தமிழ்ப் பலகை. பாத்திரக்கடையும் இருக்கிறது, பெயர் வெட்டியும் கொடுக்கிறார்கள், இயந்திரத்தில் அரை நிமிடத்தில். நான் பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் ஒற்றை அறையில் இருக்கிறேன். கல்யாணம் செய்யவில்லை. செய்தவர்களின் வீட்டுக் குசினியைப் பார்த்திருக்கிறேன், மாமன், சித்தப்பன், கூட வேலை செய்தவன் என்று இருபது முப்பது பேரின் பெயர் தட்டிலும் குடத்திலும் இருக்கும். என் அறையில் உள்ள சட்டி, கோப்பை, கரண்டி எல்லாம் நானே வாங்கியவை. ஒன்றிலும் எழுத்தில்லை.

இந்தத் தகட்டில் மட்டும் இருக்கிறது. பெருவிரல் பட்டுப் பட்டு முதல் எழுத்துத் தேய்ந்துவிட்டது. முதலாளி விதி சொன்ன பிறகு, யாருக்கு என்று கேட்காமல் நான் வெட்டிய ஒரே பெயர் இது. இது எனக்குத்தான் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால், ஒருவேளை அந்த ஒரு வசனத்தை அவருக்குச் சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தால் இது என் கைக்கு வந்திருக்காது. இரண்டையும் நினைத்துக்கொண்டு தகட்டை இழுப்பறையில் வைக்கிறேன், எழுத்து மேலே தெரிகிற மாதிரி.